இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று ஒரு பழமொழி இருக்கிறது. நான் இருபத்து மூன்று வருடமாகப் பூசாரி பெண்டாட்டி. கல்யாண வீடு, எழவு வீடு, ரேஷன் கடை வரிசை, எங்கே போனாலும் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார். நானும் சிரித்துவைப்பேன். சொன்ன ஆளைக் கூட்டிவந்து எங்கள் வீட்டில் ஒரு மாதம் வைத்திருந்தால் தெரியும். எங்கள் வீட்டுப் பூசாரிக்கு வரத்தைக் கொடுக்கவும் தெரியாது, தடுக்கவும் தெரியாது. "ஆத்தா சொல்றதுதானுங்க" என்கிற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு பாதி ஆயுளை ஓட்டிவிட்டார். அந்த வார்த்தையால்தான் எங்களுக்கு இருந்த ஒரே வீடும் போனது.

இதை எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கோபம் வருகிறது. ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. அதனால் சூட்டோடேயே எழுதுகிறேன்.

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே எங்கள் ஊர். ஆத்தா என்று நாங்கள் கூப்பிடுகிற அம்மன் கோயில் சின்னது, ஆள் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அதை ஒட்டிக் கோயில் நிலத்திலேயே பூசாரிக்கென்று விட்ட ஓட்டு வீடு. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் கிணறு, கிணற்றடியில் நான் வைத்து வளர்த்த அரளிச் செடிகள். பட்டா கிடையாது. என் மாமனார் இருந்தார், அவருக்கு முன்னால் அவருடைய அப்பா இருந்தார் என்பதைத் தவிர அது எங்கள் வீடு என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. என் சம்பளம் அங்கன்வாடியில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து வருவது. அதை வைத்துக்கொண்டு இன்னொரு வீடு கட்டுவது இந்தப் பிறவியில் நடக்கிற காரியம் இல்லை. மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. மிச்சக் காலத்துக்கு எங்களிடம் இருந்தது அந்த ஓட்டுக் கூரை ஒன்றுதான்.

எங்கள் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் பூக்கேட்பார்கள். பெண் கொடுக்கலாமா, கிணறு வெட்டலாமா, ஆபரேஷன் செய்துகொள்ளலாமா, எல்லாவற்றுக்கும் ஆத்தாவின் உத்தரவு வேண்டும். ஒரு வெள்ளரளி, ஒரு செவ்வரளி. இரண்டையும் தனித்தனியாகப் பூவரச இலையில் மடித்து, வாழைநாரால் கட்டிவிட வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. பொட்டலம் கட்டுவது பூசாரி வீட்டுப் பெண்ணின் வேலை. முதல் நாள் முழுக்க விரதம் இருந்து, காலையில் தலைக்குக் குளித்து, ஈரச் சேலையோடு கட்ட வேண்டும். பூசாரி அவற்றைத் தட்டில் குலுக்கி ஆத்தா காலடியில் வைப்பார். கேட்கிறவர் தன் கையாலேயே ஒன்றை எடுக்க வேண்டும். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது, அப்படியே கிணற்றில் போட்டுவிடுவோம். ஆத்தா சொல்லாததைத் தெரிந்துகொண்டு நமக்கு என்ன ஆகப்போகிறது என்பது அதற்குச் சொல்லும் காரணம்.

கோயில் கமிட்டித் தலைவர் ரிக் வண்டிக்காரர். ஊர் ஊராக ஆழ்குழாய்க் கிணறு போட்டுச் சம்பாதித்து, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பங்களா கட்டியவர். ஊருக்கு வருவது நோம்பி, திருவிழாவுக்கும் பஞ்சாயத்துக்கும்தான். அவர் ஒரு புதன்கிழமை காலை காரை நேராகக் கோயில் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தி, பானெட் மேல் ஒரு வரைபடத்தை விரித்தார். நான் அங்கன்வாடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஆத்தாவை மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரிய கோபுரத்தோடு கட்டப் போகிறாராம். பழைய கோயில் இருக்கிற இடத்தில் கல்யாண மண்டபமாம். நான் வரைபடத்தில் எங்கள் வீட்டைத் தேடினேன். அது இருக்க வேண்டிய இடத்தில் பார்க்கிங் என்று எழுதியிருந்தது.

"ஏம்ப்பா பூசாரி, நல்லா இருக்குதா?"

"நல்லாத்தானுங்க இருக்குது. ஆத்தாளைக் கேட்டுப்போடலாமுங்க" என்றார் என் கணவர்.

"கேக்காமயா? அடுத்த மாசம் மொத வெள்ளிக்கிழமை பூக்கேக்கறோம். ஊரே வருது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ரெண்டுலயும் வெள்ளையே வெச்சுரு."

என் கணவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது ஆவாதுங்க."

"ஏன் ஆவாது?"

"அப்பறம் அது கேக்கறது இல்லீங்களே. நாம நெனைக்கறதை ஆத்தா வாயில வெச்சு நாமளே வாங்கிக்கறதுங்க."

தலைவர் சிரித்தார். "நான் என்ன குடியக் கெடுக்கறதுக்கா கேக்கறேன்? கோயல் கட்டறதுக்குத்தானப்பா. புதுக் கோயலுக்குப் பக்கத்துலயே உனக்கு ஒரு கான்கிரீட் தார்சு ஊடு கட்டித் தாரேன். டைல்ஸ் போட்டு."

"வெள்ளை வந்தா நானே ஆத்தாளைத் தோள்ல தூக்கிட்டு வாரேனுங்க. சிவப்பு வந்தா நீங்க கோவிச்சுக்கப்படாதுங்க."

தலைவர் வரைபடத்தைச் சுருட்டினார். "பட்டா இல்லாத ஊட்டுல குடியிருக்கறவனுக்கு இத்தனை வாய் ஆவாது பூசாரி" என்று சொல்லிவிட்டுப் போனார். கார் கிளப்பிய புழுதி என் துவைத்த சேலைகள் மேல் எல்லாம் படிந்தது. அவற்றை மறுபடியும் துவைத்தது நான்தான், ஆத்தா வந்து துவைக்கவில்லை.

அந்த ஒரு மாதமும் தலைவரின் ஆட்கள் எங்களைச் சும்மா விடவில்லை. கோயில் மீட்டரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த வயரைப் பிடுங்கினார்கள், ரிப்பேர் என்றார்கள். கோயில் காட்டு விளைச்சலில் வருடா வருடம் வருகிற சோளம் வரவில்லை. நான் அங்கன்வாடி முட்டையைத் திருடி விற்கிறேன் என்று மேலதிகாரிக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போனது. நாமக்கல் மண்ணில் இருந்துகொண்டு முட்டை திருடுவதா? திரும்பின பக்கமெல்லாம் கோழிப் பண்ணை. பழி போடுவதற்குக்கூட இவர்களுக்கு மூளை வேலை செய்யவில்லையே என்று எனக்கு அதில் வேறு ஆத்திரம்.

மேச்சேரியிலிருந்து என் தம்பியை வரவழைத்தேன். செம்மறி ஆடு வாங்கி விற்கிறவன். ஆட்டின் முதுகைப் பிடித்துப் பார்த்தே எடை சொல்லுவான், மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பான். வந்தவன் சுற்றிவளைக்காமல் பேசினான்.

"மச்சான், ஒத்துக்கிட்டுப் போயிருங்க. டைல்ஸ் ஊடு தாரேங்கறாரு. ரெண்டு பூவுல என்ன இருக்குது?"

"ரெண்டு பூவுல ஒன்னுமில்ல மாப்ள" என்றார் இவர். "ஊர்ல எத்தனை பொண்ணைப் பூக்கேட்டுக் குடுத்திருக்குது. எத்தனை பேரு ஆபரேசனுக்குப் போலாமா வேண்டாமான்னு எங்கிட்ட வந்து நின்னுருக்கறாங்க. நான் ஒருக்கா வெள்ளையும் வெள்ளையும் வெச்சா, அத்தனையும் பொய்யாப் போயிருமல்லோ."

"ஊடு போயிருச்சுன்னா?"

"அதையும் அவளே பாத்துக்குவா."

என் தம்பி என்னைப் பார்த்தான். உன் புருசன் எடைக்குத் தேறமாட்டான் என்கிற பார்வை. நான் அவனுக்குச் சோறு போட்டு அனுப்பிவைத்தேன்.

வெளியே காட்ட முடியாத கோபத்தை எல்லாம் அந்த மாதம் நான் வீட்டுக்குள்தான் கொட்டினேன். பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். "உங்க ஆத்தாளுக்கு ஒரு கூரை போனா இன்னொரு கூரை வரும். எனக்கு வருமா?" என்று கேட்பேன். பதில் பேசமாட்டார். சண்டைக்குப் பதில் பேசாத ஆளோடு குடும்பம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும்.

வெள்ளிக்கிழமை வந்தது. முதல் நாள் விரதம் இருந்திருந்தேன், வயிறு காந்தியது. விடிந்ததும் கிணற்றடியில் தலைக்குக் குளித்து, ஈரச் சேலையோடு அரளிச் செடிக்குப் போனேன். வெள்ளையில் ஒன்றைப் பறித்தேன், சிவப்பில் ஒன்றைப் பறித்தேன். கோயில் வாசலில் அதற்குள் பந்தல் போட்டு மைக் கட்டியிருந்தார்கள். மைக்கில் ஒருத்தர் தலைவரை வாழ்த்திக்கொண்டிருந்தார். உத்தரவு வந்துவிட்டது போலவே பேசினார்கள். எங்கள் வீட்டுச் சுவர் ஓரமாகச் சுண்ணாம்புப் பொடியில் கோடு வேறு இழுத்திருந்தார்கள். அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

வெள்ளைப் பூவைக் கசக்கி மண்ணில் போட்டேன். இன்னொரு சிவப்பைப் பறித்தேன். இரண்டு இலையிலும் சிவப்பை வைத்து மடித்து, நாரைச் சுற்றிக் கட்டினேன்.

எனக்கு ஆத்தா மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஆனால் ஆத்தாவுக்கு ஆள் தெரியாது என்று நினைத்தேன். அவள் குனிந்து நுழைகிற சின்ன அறைக்குள் உட்கார்ந்திருக்கிறவள். ரிக் வண்டிக்காரர்களை அவளுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியும். அவளுக்கு ஒத்தாசை செய்வதாகத்தான் சத்தியமாக நினைத்தேன். தட்டை என் கணவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்ச் சேலை மாற்றினேன். கொண்டை போடும்போது கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

நான் வெளியே வந்தபோது அவர் தட்டைக் குலுக்கி ஆத்தா காலடியில் வைத்துவிட்டார். கற்பூரம் எரிந்தது. தலைவர் பட்டு வேட்டியில் குனிந்து உள்ளே போனார். போகும்போது என் கணவரைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார், வைத்துவிட்டாயா என்று. இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் கையை நீட்டி வலப்பக்கப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்து எல்லோரும் பார்க்கப் பிரித்தார். நான் முன்வரிசையில் நின்றேன். அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்றே அங்கே நின்றேன்.

இலையில் வெள்ளை இருந்தது.

பெண்கள் குலவை போட்டார்கள். பறை அடித்தார்கள். மைக்கில் கத்தினார்கள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. நான் என் கையால் வைத்தது சிவப்பு. இரண்டும் சிவப்பு. சிவப்பு எப்படி வெள்ளையாகும்? அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் அருள் வந்துவிட்டது என்று நினைத்து என் நெற்றியில் திருநீறு பூசினாள். அந்தக் கூட்டத்தில் ஆத்தாவின் கையை நேரில் கண்டவள் நான் ஒருத்திதான், அதை யாரிடமும் சொல்ல முடியாதவளும் நான்தான். மற்றப் பொட்டலத்தை என் கணவர் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டார். எட்டிப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்து வந்த பத்து நாளும் நான் நானாக இல்லை. அவளை ஏமாற்றப் பார்த்தேன், அவள் என் கண்ணெதிரே பூவின் நிறத்தை மாற்றிவிட்டாள். இனி என்னவெல்லாம் செய்வாளோ. உப்பில்லாமல் சாப்பிட்டேன். காலையும் மாலையும் கோயில் படியைக் கழுவிவிட்டேன். மகள் போன் செய்து இருமினால்கூட மஞ்சள் துணியில் ஆத்தாவுக்குக் காசு முடிந்து வைத்தேன். பாத்திரம் பண்டங்களைச் சாக்கில் கட்டினேன். வாய் திறக்கவில்லை. இருபத்து மூன்று வருடத்தில் நான் பேசாமல் இருந்த பத்து நாள் அதுதான், வேண்டுமானால் ஊரில் விசாரித்துக்கொள்ளலாம்.

இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினோராம் நாள் காலை, நான் படி கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனம்மிணி, என்னன்னுதான் சொல்லேன்."

அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டிலும் சிவப்பு வைத்ததை, ஆத்தா அதை மாற்றியதை, எனக்கும் மகளுக்கும் என்ன வரப்போகிறதோ என்கிற பயத்தை. அவர் காலைப் பிடித்துக்கொண்டு, ஆத்தாவிடம் எனக்காக மன்னிப்புக் கேட்கச் சொன்னேன்.

அவர் என் கையைத் தன் காலிலிருந்து எடுத்துவிட்டார். பிறகு, "ஆத்தா மாத்தலை. நான்தான் மாத்துனேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"உன்ற முடிச்சு எனக்குத் தெரியாதா? கோவத்துல கட்டுனா நாரு அறுந்து போறாப்பல இறுக்குவே. ரெண்டும் அப்பிடித்தான் இறுகிக் கெடந்துது. நீ சீலை மாத்தப் போனப்ப பிரிச்சுப் பாத்தேன், ரெண்டும் சிவப்பு. செடிக்குப் போயி ஒரு வெள்ளையைப் பறிச்சு ஒன்னுல வெச்சுக் கட்டிப்போட்டேன்."

கையில் இருந்த விளக்குமாற்றை அவர் மேல் வீசினேன். எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வீசினேன். பத்து நாள் பயந்து நடுங்கியதெல்லாம் ஒரே நொடியில் தலைகீழாகத் திரும்பிக் கோபமாக வந்தது. வீடும் போய்விட்டது, இப்போது நான் கண்ட அதிசயமும் போய்விட்டது. எதற்காகத்தான் இந்த மனிதர் என் கழுத்தில் தாலி கட்டினார்?

"என்ற ஊட்டை நான் காப்பாத்தி வெச்சிருந்தேன். நீங்க போயி எடுத்துக் குடுத்துப்போட்டு வந்திருக்கறீங்க! அந்த ஆளு கையில நீங்களே குடுத்திருக்கறீங்க!"

"எது வெள்ளைன்னு எனக்கே தெரியாது. கண்ணை மூடிக் குலுக்கித்தான் வெச்சேன்."

"நீங்க ஏன் வெள்ளையை வெச்சீங்க? நான் வெச்சது வெச்சபடி இருந்திருக்கலாமுல்ல?"

"அவரு ரெண்டு வெள்ளை வெக்கச் சொன்னாரு. நீ ரெண்டு சிவப்பு வெச்சே. ரெண்டு பேரும் பண்ணுனது ஒன்னுதான். ஆத்தா வாயைக் கட்டிப்போட்டு, உங்க பேச்சை அவ பேச்சாக்கறது."

ரிக் வண்டிக்காரரையும் என்னையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார். அது இன்றைக்கும் எனக்கு எரிகிறது. உண்மையாக இருப்பதால் இன்னும் அதிகம் எரிகிறது.

"இதை எதுக்கு இப்ப எங்கிட்டச் சொல்றீங்க? சொல்லாமயே இருந்திருக்கலாமுல்ல? நான் பாட்டுக்குச் சாமி செஞ்சுதுன்னு நம்பிக்கிட்டுக் கெடந்திருப்பேன்."

"அவ செய்யாததை அவ செஞ்சான்னு நீ நம்பப்படாது" என்றார். "பயந்து நடுங்கறதுக்கு அவ ஒன்னும் பேய் இல்ல. வெள்ளை வந்துது. அது அவ சொன்னது. அத்தனைதான் நமக்கு."

"கை போன போக்குல ஒன்னை எடுத்தாரு. அதைப் போயி ஆத்தா சொன்னாங்கறீங்க."

"கை போன போக்குன்னே வெச்சுக்க. அந்தக் கையை அங்க உட்டது அவதானே." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பூசைக்குப் போய்விட்டார். விளக்குமாறு பட்ட இடத்தைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஜேசிபி வந்தது. நான் அங்கன்வாடிக்கு லீவு போட்டுவிட்டு எதிரே நின்று பார்த்தேன். ஓடுகள் சரிந்த சத்தத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை, எழுதவும் விருப்பமில்லை. அரளிச் செடிகளைக்கூட விட்டுவைக்கவில்லை. என் கணவர் சொன்னபடி முன்னால் நின்று ஆத்தாவைத் தூக்கிக்கொண்டு போய், புதுக் கோயில் கட்டி முடிகிற வரைக்கும் இருக்கட்டும் என்று போட்ட தகரக் கொட்டகையில் வைத்தார். அழுதார். நான் அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தலைவர் சொன்ன சொல் தவறவில்லை. உத்தரவுக்கு முன்பே கட்டத் தொடங்கியிருந்த டைல்ஸ் வீட்டுச் சாவியோடு ஆள் அனுப்பினார். அதையும் இவர் வாங்கவில்லை. "வாங்குனா, ரெண்டு வெள்ளை வெச்சதுக்குக் கூலின்னு ஆயிரும்" என்றார். அன்றைக்கு வாயில் வந்ததை எல்லாம் பேசினேன், அதை இங்கே எழுத மாட்டேன். கடைசியில் மல்லசமுத்திரத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றுக்கு வாடகைக்குப் போனோம். பின்சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி. நாள் முழுக்கக் கடகடவென்று சத்தம், ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காது. எங்கள் குடும்பத்துக்கு அதுவும் நல்லதற்குத்தான். அவர் தினமும் சைக்கிளில் போய் ஆத்தாவுக்குப் பூசை செய்துவிட்டு வருவார்.

வீடு போனதைவிட வேறொன்றுதான் என்னைக் கொன்றது. ஊரில் எல்லோரும் என் கணவரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, புரிந்துகொண்ட சிரிப்பு. தலைவர் கேட்டார், பூசாரி வைத்துக் கொடுத்துவிட்டார், பாவம், பூசாரி வேலையாவது நிலைக்க வேண்டுமே. டீக்கடையில் ஒருத்தர் என்னிடமே, "உங்க ஊட்டுக்காரரு பொழைக்கத் தெரிஞ்சவருங்க" என்றார். என் தம்பி போன் செய்து, மச்சான் வழிக்கு வந்துவிட்டாரே என்று சந்தோஷப்பட்டான். அந்த ஊரில் பூவில் கை வைக்காதவர் இவர் ஒருத்தர்தான். கை வைத்தவர் என்று பெயர் வாங்கியவரும் இவரே. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நான் மூடியிருக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமானால் சிவப்பு வைத்த கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால் இனி என் கையால் கட்டின பொட்டலத்தை ஆத்தா முன்னால் வைக்க விடமாட்டார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் கோபத்தில் பாதி அந்த மௌனத்தின் மேல்தான்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தலைவர் எங்கள் லைன் வீட்டுக்கு வந்தார். இவர் பூசைக்குப் போயிருந்தார். ஞாயிறு என்பதால் தறி ஓடவில்லை. நான் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மிணி, பூசாரி இல்லீங்களா?"

"கொட்டாய்க்குப் போயிருக்கறாருங்க."

அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். "மறுக்காவும் ஒருக்கா பூக்கேக்கோணும். எலெக்சன்ல நிக்கலாம்னு இருக்கறேன். ஆத்தா உத்தரவு குடுத்துட்டான்னா எதுத்து எவனும் நிக்கமாட்டான். போன தடவை பூசாரி எப்பிடிப் பண்ணிக் குடுத்தாரோ அதே மாதிரிப் பண்ணச் சொல்லுங்க. அவரு வெளியில சொல்லமாட்டாரு, நல்ல மனுசன், எனக்குத் தெரியும்."

நல்ல மனுசன் என்று அவர் வாயால் சொன்னதும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. கத்தியைக் கீழே வைத்தேன். வைக்காமல் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

"போன தடவை ரெண்டுலயும் சிவப்பு இருந்துதுங்க" என்றேன்.

"என்னம்மிணி சொல்றீங்க?"

"நான் வெச்சேன். நீங்க நாசமாப் போகோணும்னு ரெண்டுலயும் சிவப்பை வெச்சேன். என்ற ஊட்டுக்காரரு அதைக் கண்டுபுடிச்சு, ஒரு சிவப்பை எடுத்துப்போட்டு ஒரு வெள்ளையை வெச்சாரு. ஒன்னு வெள்ளை, ஒன்னு சிவப்பு. ஊர்ல எல்லாருக்கும் வெக்கற மாதிரித்தான் உங்களுக்கும் வெச்சாரு. அவரு உங்களுக்கு ஒன்னுமே பண்ணித் தரலீங்க. போயி எல்லார்த்துகிட்டயும் சொல்லுங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. நெற்றியைச் சுருக்கி யோசிப்பது தெரிந்தது.

"அப்ப நான் இடப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்திருந்தா?"

"சிவப்பு வந்திருக்குமுங்க. இன்னிக்கு என்ற ஊடு நின்னுக்கிட்டு இருக்கும்."

அவர் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. இத்தனை நாளாகத் தன் பேச்சைத்தான் ஆத்தா பேச்சு என்று ஊருக்குச் சொல்லி வந்தவர். அவள் உண்மையிலேயே பேசியிருப்பாள் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியிருக்கவில்லை. தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கேட்கும்போது அவர் குரல் தேய்ந்துபோயிருந்தது.

"அப்ப... நெசமாலுமே ஆத்தா சொன்னதுதானா அது?"

இல்லை என்று சொல்ல எனக்கு எத்தனை ஆசையாக இருந்தது தெரியுமா? உன் கை போன போக்கு, அவ்வளவுதான், போ, உனக்கென்று எந்தச் சாமியும் பேசவில்லை என்று சொல்லி அனுப்பியிருப்பேன். அந்த ஒரு சொல்லில் என் ஆத்திரம் அத்தனையும் தீர்ந்திருக்கும். ஆனால் அதைச் சொன்னால் என் கணவர் செடிக்குப் போய் அந்த ஒரு வெள்ளையைப் பறித்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். தலைவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பணக்காரர் அப்படிப் பயந்து நின்று நான் பார்த்ததில்லை.

"ஆமாங்க" என்றேன். "ஆத்தா சொன்னதுதானுங்க."

அதற்கு மேல் அவர் எலெக்சனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாரேன் என்றுகூடச் சொல்லாமல் காருக்குப் போனார்.

வீடு இடிந்தபோது வராத அழுகை அப்போது வந்தது. என் வீட்டுக்காரர் சொல்கிற அந்தச் சொல் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே ஆத்திரம். தலைவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது, என் வீட்டுக்காரர் மேல் இருந்ததும் போய்விட்டது. மிஞ்சி நின்றது ஆத்தா மேல்தான். உரித்த வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு, முகத்தைக்கூடக் கழுவாமல், என் வீட்டை ஏன் பறித்தாய் என்று அவளையே கேட்டுவிடுவது என்று கொட்டகைக்கு நடந்தேன்.